சிப்பா, ஃப்ளேக்கா, ஷார்டா? உடைந்த துண்டுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்

எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கிய அலமாரியின் கதவில் பெயின்ட் உதிர ஆரம்பித்தது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தயாரித்த நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் புகார் எழுதித் தரச் சொன்னார். பெயின்ட் ‘சிப்’ ஆகியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது: மோதலால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அந்தக் கதவில் யாரும் எதையும் மோதவில்லை. கீழ் ஓரத்தில் பெயின்ட் மெல்லிய பொருக்காகத் தானே எழும்பி, விரல் பட்டதும் உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் ‘ஃப்ளேக்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நான் எழுதிய சொல்லுக்கு, ஏதோ இடித்து ஒரு துணுக்கு பெயர்ந்துவிட்டது என்று பொருள். பதில் எழுதியவர் மேல் தவறில்லை, நான் எழுதியதைத்தான் அவர் படித்தார்.

அன்றிலிருந்து இந்தச் சொற்களை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஷார்டு, ஸ்பிளின்டர், ஸ்லிவர், சிப், ஃப்ளேக், கிரம்ப், ஷ்ரெட், ஸ்க்ராப், ஃப்ராக்மென்ட் என்று ஆங்கிலத்தில் உடைந்த துண்டுகளுக்குப் பெயர்கள் நிறைய. அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் எதிரே ‘சிறு துண்டு, துணுக்கு’ என்றே இருக்கும். அதனால் எதைப் போட்டாலும் சரிதான் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. தமிழில் நாம் அப்படிப் பேசுவதே இல்லை. கண்ணாடி என்றால் சில்லு, மரம் என்றால் சிராய், காய்ந்த சேறு என்றால் பொருக்கு, துணி என்றால் கந்தல் என்று யோசிக்காமலே சரியாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்துக்குப் போனதும் அந்தக் கவனம் நழுவி, ‘ஸ்மால் பீஸ்’ என்பதில் வந்து நின்றுவிடுகிறது.

முதலில் விட வேண்டியது அளவைப் பற்றிய நினைப்பு. எது சின்னது, எது அதைவிடச் சின்னது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்தச் சொற்கள் பிடிபடாது. 1799-இல் எகிப்தில் கிடைத்த ரொசெட்டாக் கல் ஒரு மீட்டருக்கு மேல் உயரம், முக்கால் டன் எடை. ஆனாலும் அது ஒரு ஃப்ராக்மென்ட்தான், ஏனென்றால் அதைவிடப் பெரிய ஒரு கல்வெட்டுப் பலகையிலிருந்து உடைந்தது. பனிப்பாறைகளைக் கணக்கெடுப்பவர்கள், கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றிலிருந்து ஐந்து மீட்டர் வரை தெரியும் பனிக்கட்டியை ‘பெர்கி பிட்’ என்கிறார்கள். பிட் என்றால் நமக்கு நகக்கண் அளவுதான் நினைவுக்கு வரும், இந்தப் பிட் ஒரு வீட்டளவு இருக்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என்ன பொருள், அது எப்படிப் பிரிந்தது என்ற இரண்டையும்தான். நான் செய்வது இதுதான்: பெயர்ச்சொல்லைத் தேடுவதற்கு முன்னால் வினைச்சொல்லைத் தேடுவேன். சிதறியதா, பிளந்ததா, பொடிந்ததா, உரிந்ததா, கிழிந்ததா, இடிபட்டுப் பெயர்ந்ததா? வினை கிடைத்துவிட்டால், பெயர் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். ஆங்கிலத்தில் ஸ்பிளின்டர், சிப், ஃப்ளேக், ஷ்ரெட், ஃப்ராக்மென்ட் எல்லாமே பெயராகவும் வரும், வினையாகவும் வரும்.

சரி, அதிகம் குழம்பும் மூன்றை முதலில் எடுத்துக்கொள்வோம்: ஷார்டு, ஸ்பிளின்டர், ஸ்லிவர்.

ஷார்டு என்பதன் கடைசி ஒலி ‘கார்டு’ என்பதில் வரும் மெல்லிய ஒலி. குட்டையைக் குறிக்கும் ஷார்ட்டோடும் உடுத்தும் ஷர்ட்டோடும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் சொற்பிறப்பு அகராதிகளைப் பார்த்தால் மூன்றும் ஒரே குடும்பம். ‘வெட்டு’ என்று பொருள்படும் மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து வந்தவை. கத்தரிப்பதைக் குறிக்கும் ‘ஷியர்’, பங்கைக் குறிக்கும் ‘ஷேர்’ இரண்டும்கூட அங்கிருந்துதான். ஷார்டு என்றதுமே ஆங்கிலம் படிப்பவர் மனத்தில் ஒரு கூர்முனை தெரியும். கண்ணாடி, பீங்கான், சுட்ட மண், பனிக்கட்டி போல, வளையாமல் சட்டென்று உடையும் கெட்டிப் பொருள்களின் துண்டுதான் ஷார்டு. முனை கூர், ஓரம் கத்தி. தமிழில் ‘சில்லு’ என்று சொல்லும்போது நாம் நினைப்பதற்கு இதுதான் மிக நெருக்கம்.

லண்டனில் ஏறத்தாழ 310 மீட்டர் உயரத்தில் நிற்கும் கட்டடத்துக்கு ‘தி ஷார்டு’ என்று பெயர். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்தது. கீழே அகன்று மேலே போகப் போகக் கூராகும் கண்ணாடிக் கோபுரம், உச்சியில் கண்ணாடிப் பலகைகள் ஒன்றோடொன்று சேராமல் உடைந்த முனைகள் போலவே நிற்கும். அந்த வடிவத்துக்கு ஸ்பிளின்டர் என்றோ சிப் என்றோ பெயர் வைத்திருந்தால் ஒட்டியிருக்காது.

அகழாய்வுப் புத்தகங்களைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். மண்பாண்டத் துண்டை அவர்கள் பெரும்பாலும் ‘ஷெர்டு’ என்பார்கள், ‘பாட்ஷெர்டு’ என்றும் வரும். கண்ணாடிக்கு ஷார்டு, பானைக்கு ஷெர்டு என்று அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. நம் ‘பானையோடு’, ‘ஓடு’ என்பதெல்லாம் ஷெர்டுதான். அகழாய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இதைப் பின்பற்றினால் துறைக்காரருக்கு உடனே தெரியும். பொது வாசகருக்கு எழுதும்போது ஷார்டு என்றே எழுதினாலும் குற்றமில்லை. பழைய ஏதென்ஸில் உடைந்த பானையோட்டில் ஒருவரின் பெயரைக் கீறி வாக்களித்து, அவரைப் பத்து ஆண்டுகள் நாடு கடத்துவார்கள். அந்த ஓட்டுக்குக் கிரேக்கத்தில் ‘ஆஸ்ட்ரகான்’ என்று பெயர். ஒருவரை ஒதுக்கிவைப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஆஸ்ட்ரசைஸ்’ அதிலிருந்து வந்ததுதான். ஒரு பானையோட்டிலிருந்து இப்படி ஒரு வினைச்சொல் பிறந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

ஸ்பிளின்டர் வேறு கதை. இதற்கு நார் வேண்டும். நார் ஓடும் திசையில் பிளந்து, நீளமாகவும் மெல்லியதாகவும் கூராகவும் பிரிந்துவருவதுதான் ஸ்பிளின்டர். மரம், மூங்கில், எலும்பு ஆகியவை இப்படிப் பிரியும். பிளப்பதைக் குறிக்கும் ‘ஸ்பிளிட்’, முறிந்த எலும்புக்கு வைத்துக் கட்டும் பட்டையைக் குறிக்கும் ‘ஸ்பிளின்ட்’ இரண்டும் இதன் உறவினர்கள். விரலில் ஏறிய சிராயை ஆங்கிலத்தில் சொல்ல ஸ்பிளின்டரை விட்டால் பொதுவான வேறு சொல் இல்லை. அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் அதையே ஸ்லிவர் என்பார்கள்.

ஒருமுறை செதுக்காத பலகையைத் தூக்கும்போது எனக்குச் சுண்டுவிரலின் ஓரத்தில் சிராய் ஏறிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தோலுக்கு அடியில் பழுப்பாக ஒரு கோடு, ஊசி நுனி அளவு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது ஏறிய திசையிலேயே பின்னுக்கு இழுத்தபோது வழுக்கிக்கொண்டு முழுசாக வந்தது. குறுக்காக இழுத்திருந்தால் உள்ளே முறிந்திருக்கும். ஸ்பிளின்டருக்கு எப்போதும் இப்படி ஒரு திசை உண்டு. ஷார்டுக்குத் திசை கிடையாது, எந்தப் பக்கம் தொட்டாலும் வெட்டும்.

அளவு இங்கேயும் பொருட்டல்ல. மரக்கப்பல் காலத்துக் கடற்போர்களில் பீரங்கிக் குண்டு கப்பலின் பக்கவாட்டைத் துளைத்து வரும்போது உள்பக்கம் சீறிப் பாயும் மரச்சிதறல்களால் மாலுமிகள் பலர் படுகாயம் அடைந்தார்கள். கையளவு நீளத்துக்கும் மேலே இருந்த அவற்றுக்கும் ஸ்பிளின்டர் என்றே பெயர்.

கண்ணாடிக்கு ஸ்பிளின்டர் என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதலாம், ஆனால் ஊசி போல நீண்டு மெலிந்த கண்ணாடித் துகளுக்கு மட்டும். முக்கோணமாகக் கிடக்கும் பெரிய துண்டுக்கு ஷார்டுதான். ‘பாதத்தில் கண்ணாடி குத்திவிட்டது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது, வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் உள்ளே உறுத்துகிறதென்றால் ஸ்பிளின்டர், கையால் பிடித்து இழுக்கிற அளவுக்கு இருக்கிறதென்றால் ஷார்டு. மருத்துவருக்கு எழுதும் குறிப்பில் இந்த வேறுபாடு உண்மையிலேயே உதவும்.

ஸ்லிவர் மூன்றிலும் மென்மையானது. இதில் உடைந்தது என்பதைவிட, மெல்லியதாகச் சீவியது என்ற எண்ணம்தான் மேலே நிற்கும். தேய்ந்து தகடாகிப்போன சோப், மூன்றாம் பிறை நிலா, கதவிடுக்கில் விழும் வெளிச்சம் எல்லாம் ஸ்லிவர். ஷார்டும் ஸ்பிளின்டரும் காயப்படுத்தும், ஸ்லிவர் அப்படிப் பயமுறுத்துவதில்லை. மூன்றையும் ஒரே சொல்லோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். ‘எ ஸ்லிவர் ஆஃப் லைட்’ என்றால் இதமான ஒரு கீற்று. ‘எ ஷார்டு ஆஃப் லைட்’ என்றால் கண்ணைக் கூசவைக்கும், கூர்மையான ஒளி. ஸ்பிளின்டரை வெளிச்சத்தோடு சேர்ப்பது அரிது. கதையோ கவிதையோ மொழிபெயர்க்கிறவர் இதில் தயங்கி நின்று யோசிப்பது நல்லது. தமிழில் ‘ஒளிக்கீற்று’ என்று இருந்தால் நான் ஸ்லிவரைத்தான் எடுப்பேன்.

கண்ணாடி என்றாலே ஷார்டு என்றும் முடிவுகட்டிவிட முடியாது. காரின் பக்கவாட்டு ஜன்னல்களில் இருப்பது சூடாக்கி வேகமாகக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்திய கண்ணாடி. அது உடைந்தால் ஆளைக் குத்தும் நீளமான சில்லுகளாக வராமல், கற்கண்டு போல மழுங்கிய சிறு கட்டிகளாகக் கொட்டும். ஒரு விபத்துச் செய்தியில் அதைப் போய் ஷார்டு என்று எழுதினால் பார்த்தவர்களுக்குப் பொருந்தாது. தரநிலைகளில் அதற்கு நடுநிலையான சொல்லையே வைத்திருக்கிறார்கள், ஃப்ராக்மென்ட். ஐரோப்பியத் தரநிலை ஒன்று, 5 செ.மீ. சதுரத்துக்குள் குறைந்தது 40 ஃப்ராக்மென்ட் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. எண்ணிக்கை கூடினால் ஒவ்வொன்றும் சிறிதாகும், சிறிதானால் காயம் குறையும். சாதாரண வாசகருக்கு எழுதும்போது ‘சிறு கண்ணாடிக் கட்டிகள்’ என்ற பொருளில் ‘க்யூப்’, ‘பெபிள்’ போன்ற சொற்கள் பொருந்தும். காரின் முன்கண்ணாடி இன்னும் வேறு மாதிரி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருப்பதால், விரிசல் விட்டாலும் துண்டுகள் அதிலேயே ஒட்டி நிற்கும். அங்கே துண்டுக்குப் பெயர் தேடவே வேண்டாம், ‘கிராக்’ போதும்.

இப்போது என்னை மாட்டிவிட்ட ஜோடி, சிப்பும் ஃப்ளேக்கும்.

சிப் என்றால் கெட்டியான ஒன்றின் ஓரத்திலிருந்து அடிபட்டுத் தெறித்தது. கோடரி படும்போது பறக்கும் மரச்செதுக்கல், உளி பட்டுத் தெறிக்கும் கல், தொட்டியில் இடித்ததில் விளிம்பு பெயர்ந்த கோப்பை. இந்தச் சொல்லில் ஒரு விசித்திரம் உண்டு. பெயர்ந்து விழுந்த துணுக்குக்கும் சிப் என்று பெயர், அது விட்டுப்போன பள்ளத்துக்கும் சிப் என்று பெயர். ‘கோப்பையில் ஒரு சிப் இருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், கோப்பைக்குள் ஏதோ கிடக்கிறது என்று புரிந்துகொள்ளக் கூடாது. விளிம்பில் ஒரு துளி இல்லை என்று பொருள். இல்லாத ஒன்றை ‘இருக்கிறது’ என்று சொல்லும் இந்த வாக்கியத்தைத் தமிழாக்கும்போது பலர் தடுமாறுகிறார்கள். ‘கோப்பையின் விளிம்பு ஓரிடத்தில் பெயர்ந்திருக்கிறது’ என்று வினையாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கணினியின் சிப்பும் இதே சொல்தான். சிலிக்கான் வட்டத்தகட்டிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கு என்பதால் வந்த பெயர். தமிழில் அதற்குச் ‘சில்லு’ என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

ஃப்ளேக் அடிபட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. அடுக்காக இருக்கும் ஒன்றிலிருந்து மேலடுக்கு மெல்லியதாக எழும்பி உரிந்தால் ஃப்ளேக். வறண்ட தோல், துரு, பழைய பெயின்ட், அபிரகம் என்ற மைக்கா, பனிப்பொழிவில் விழும் பனித்துகள் எல்லாவற்றுக்கும் இதே சொல். தட்டை, மெலிவு, எடையின்மை இந்த மூன்றும் சேர்ந்து வரும். கற்காலக் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மட்டும், தாய்க்கல்லை அடித்துப் பிரித்த தட்டையான துண்டை ஃப்ளேக் என்பார்கள். அங்கே அடி உண்டு. ஆனாலும் தட்டையாக, தகடு போல வருகிறது என்பதால்தான் அந்தப் பெயர்.

ஆகவே புகார், வீட்டு ஆய்வறிக்கை, வாடகைக்கு விடும்போது எழுதும் பட்டியல் போன்றவற்றில் இந்த இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். சிப் என்றால் யாரோ இடித்தார்கள் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஃப்ளேக் என்றால் ஈரமோ, சரியாகப் பூசாததோ, வயதோ காரணம் என்று எடுத்துக்கொள்வார். யார் செலவு செய்ய வேண்டும் என்பதே அந்த ஒரு சொல்லில் மாறிவிடும்.

கிரம்ப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரொட்டி, கேக், பிஸ்கட் என்று உலர்ந்து பொடியும் பொருள்களின் துகள். உச்சரிப்பில் கடைசி ‘ப்’ வராது, ‘கிரம்’ என்று முடித்துவிட வேண்டும். எழுத்தில் மட்டும் அந்த எழுத்து நிற்கும். பழைய ஆங்கிலத்தில் அது எழுத்திலும் இல்லை, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. பொடிவதைக் குறிக்கும் ‘கிரம்பிள்’ என்ற வினையில் மட்டும் அது ஒலிக்கும். சுவர் பூச்சு மண்ணாகக் கொட்டுகிறது என்றால் ‘கிரம்பிளிங்’ சரி, ஆனால் கொட்டிய பூச்சைக் கிரம்ப் என்று சொல்லிவிடக் கூடாது. பெயர் பெரும்பாலும் உணவோடு நிற்கும், வினை எங்கும் போகும்.

ஷ்ரெட், ஸ்க்ராப் இரண்டும் காகிதத்திலும் துணியிலும் அதிகம் உரசிக்கொள்ளும். ஷ்ரெட் என்றால் நீளவாக்கில் கிழிந்த நாடா. காகிதத்தைக் கிழித்துத் தள்ளும் இயந்திரத்துக்கு ‘ஷ்ரெடர்’ என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஸ்க்ராப்பில் வடிவம் முக்கியமில்லை, மிச்சம் என்பதுதான் முக்கியம். வேலை முடிந்தபின் எஞ்சியது, இனி மதிப்பில்லாதது. அதனால்தான் பழைய இரும்பு ஸ்க்ராப் ஆகிறது. உடையவே செய்யாத ஒன்றையும் இழிவாகச் சொல்ல இந்தச் சொல்லை எடுக்கலாம். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில், பெல்ஜியத்தின் நடுநிலைமையை உறுதிசெய்த 1839-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பெத்மான் ஹால்வெக் வெறும் ‘ஸ்க்ராப் ஆஃப் பேப்பர்’ என்று பிரிட்டிஷ் தூதரிடம் சொன்னதாகப் பதிவாகி, அந்தத் தொடர் உலகம் முழுக்கப் பரவியது. அந்த இடத்தில் பீஸ் என்று இருந்திருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது.

ஃப்ராக்மென்ட் நான் மிகவும் மதிக்கும் சொல். உடைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பின்னத்தைக் குறிக்கும் ‘ஃப்ராக்‌ஷன்’, எலும்பு முறிவைக் குறிக்கும் ‘ஃப்ராக்சர்’, எளிதில் உடைவதைக் குறிக்கும் ‘ஃப்ரஜைல்’ மூன்றும் அதன் கிளைகள். மற்றச் சொற்கள் துண்டைக் காட்டும்போது, ஃப்ராக்மென்ட் துண்டையும் காட்டி, காணாமல் போன முழுமையையும் நினைவூட்டும். கிரேக்கக் கவி சாப்போவின் பாடல்களில் நமக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் ஃப்ராக்மென்ட்களே, எண்ணிட்டு அப்படியே குறிப்பிடுகிறார்கள். 1994 ஜூலையில் வியாழன் கோளில் மோதிய ஷூமேக்கர்-லெவி 9 வால்மீன், அதற்கு முன்பே பல துண்டுகளாகச் சிதறியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்து ஒன்றைச் சூட்டி, ஃப்ராக்மென்ட் ஜி, ஃப்ராக்மென்ட் கே என்றே வானியலாளர்கள் எழுதினார்கள். கல்வெட்டு, ஓலைச்சுவடி, சிற்பம், எலும்பு, வால்மீன் என்று முழுமையைத் திரும்பக் கட்டிப் பார்க்க ஆசைப்படும் எந்த இடத்திலும் இந்தச் சொல் நிமிர்ந்து நிற்கும். தரையில் கிடக்கும் பிஸ்கட் துகளுக்குப் போட்டால் ஆடம்பரமாகத் தோன்றும்.

பீஸ் எங்கும் போகும், எதையும் சொல்லாது. அதில் உடைவு என்பதே கட்டாயமில்லை, வெட்டிய பங்கும் பீஸ்தான். உடைவைச் சொல்ல வேண்டுமானால் ‘புரோக்கன்’ என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆனாலும் சந்தேகம் வந்தால் பீஸைப் போடுவதே பாதுகாப்பு. தவறான சிறப்புச் சொல்லைவிடச் சரியான பொதுச் சொல் மேல். நானே அந்தக் கதவு விஷயத்தில் ‘பெயின்ட் துண்டு துண்டாக விழுகிறது’ என்று எழுதியிருந்தால் வம்பு வந்திருக்காது. பிட் இன்னும் பேச்சுவழக்கானது. அது கடிப்பதைக் குறிக்கும் ‘பைட்’டிலிருந்து வந்தது, ஒரு கடி அளவு. ஒரு வாய் உணவைக் குறிக்கும் ‘மார்சல்’ என்பதும் லத்தீனில் கடி என்ற சொல்லிலிருந்துதான். கணினியில் வரும் பிட்டுக்கு இதோடு உறவில்லை. அது ‘பைனரி டிஜிட்’ என்பதன் சுருக்கம், 1948-இல் வெளியான கிளாட் ஷானனின் கட்டுரையில் அச்சில் வந்தது.

அப்புறம், எண்ண முடியாத கூட்டம் ஒன்று இருக்கிறது. டெப்ரி, ரபிள், ரெக்கேஜ். இங்கே நாம் செய்யும் பிழை பொருளில் வருவதைவிட இலக்கணத்தில் அதிகம் வரும். தமிழில் ‘இடிபாடுகள்’, ‘சிதைவுகள்’ என்று ‘கள்’ சேர்த்துப் பழகியதால் ஆங்கிலத்திலும் பன்மை போட்டுவிடுகிறோம். மூன்றும் பன்மை ஏற்காதவை. ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘எ பீஸ் ஆஃப் டெப்ரி’ என்று பீஸின் உதவியோடு சொல்ல வேண்டும். டெப்ரியின் எழுத்தில் கடைசியில் ‘ஸ்’ இருக்கும், வாயில் வராது, பிரெஞ்சுச் சொல் என்பதால்.

பொருளில் ரபிள் என்றால் கட்டடம் இடிந்த கல்லும் செங்கல்லும். ரெக்கேஜ் என்றால் விமானம், கப்பல், கார் போன்ற ஊர்தி நொறுங்கியது. டெப்ரி என்றால் எங்கிருந்து வந்ததென்று கேட்காமல் சிதறிக் கிடக்கும் எல்லாம். நிலநடுக்கச் செய்தியில் ‘இடிபாடுகளுக்குள் சிக்கியவர்கள்’ என்றால் ரபிள். புயலுக்குப் பின் தெருவில் கிடக்கும் கிளையும் தகரமும் டெப்ரி. பூமியைச் சுற்றிவரும் பழைய செயற்கைக்கோள் துண்டுகளும் டெப்ரிதான். அவற்றில் 10 செ.மீ.-க்கு மேற்பட்டவையே இருபதாயிரத்துக்கும் அதிகம் என்று விண்வெளி நிறுவனங்கள் கணக்கு வைத்திருக்கின்றன.

ஷ்ராப்னெல் ஒரு மனிதரின் பெயர். ஹென்றி ஷ்ராப்னெல் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி, உள்ளே சிறு குண்டுகளை நிரப்பி, எதிரியின் தலைக்கு மேலே வெடிக்கும் எறிகுண்டை உருவாக்கினார். 1803-இல் பிரிட்டிஷ் படை அதை ஏற்றது. முதலில் அந்தப் பெயர் அந்தக் குண்டு வகைக்கு மட்டும் இருந்தது. பிற்பாடு எந்த வெடிகுண்டின் ஓடு சிதறினாலும் ஷ்ராப்னெல் என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். ராணுவத் துறையில் எழுதுகிறவர்கள் இன்றும் அதை ஃப்ராக்மென்ட் என்று பிரித்துச் சொல்ல விரும்புவார்கள். செய்தி எழுதுகிறவருக்கு ஷ்ராப்னெல் போதும். இதுவும் எண்ண முடியாத சொல்தான், பன்மை வேண்டாம்.

இதற்கு நேர் எதிராக, ‘ஸ்மிதரீன்ஸ்’ என்பது பன்மையில் மட்டுமே வாழ்கிறது. ஐரிஷ் மொழியோடு உறவுள்ள சொல். நம் ‘சுக்குநூறு’ போலத்தான், வினையோடு ஒட்டியே வரும். ஒரு சுக்குநூறை எடுத்துக் கொடு என்று யாரும் கேட்பதில்லை, அதே மாதிரி இதையும் தனியாக எடுக்க முடியாது. ‘சுக்குநூறாக நொறுங்கியது’ என்ற இடத்தில் அப்படியே பொருந்தும். பேச்சிலும் கதையிலும் அழகாக இருக்கும், அறிக்கையில் எழுதினால் மிகையாகத் தெரியும்.

பட்டறையில் விழும் துகள்களுக்கு உருவம் பார்க்க வேண்டாம், கருவியைப் பார்த்தால் போதும். இழைப்புளியில் சுருளாக வந்தால் ‘ஷேவிங்ஸ்’, அரம் தேய்த்து விழுந்தால் ‘ஃபைலிங்ஸ்’, ரம்பத்தில் கொட்டினால் ‘சாடஸ்ட்’, கடைசல் இயந்திரத்தில் சுருண்டு விழும் உலோகக் கழிவு ‘ஸ்வார்ஃப்’. திரும்ப உருக்குவதற்கென்று சேர்த்து வைத்த உடைந்த கண்ணாடிக்கு ‘கல்லட்’ என்று தனிப்பெயரே உண்டு.

உருவகமாக எழுதும்போதுதான் தேர்வு இன்னும் நுட்பமாகும். ஆதாரம் துளியும் இல்லை என்றால் ஷ்ரெட், சில சமயம் ஸ்க்ராப். நம்பிக்கை என்றால் ஸ்லிவர். உண்மை என்றால் ‘கிரெய்ன்’, அதாவது மணி. ஆறுதல் என்றால் கிரம்ப், ஆனால் அதில் ஒரு பரிதாபம் ஒட்டியிருக்கும், போட்டது போதாது என்ற குறை தொனிக்கும். கட்சியிலிருந்து பிரிந்த குழு ஸ்பிளின்டர். காதில் அரைகுறையாக விழுந்த பேச்சு ஸ்க்ராப் அல்லது ‘ஸ்னாட்ச்’. நினைவுகளுக்கு இரண்டு வழி உண்டு. மங்கிப்போய் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பவை ஃப்ராக்மென்ட், நினைத்தாலே குத்துபவை ஷார்டு. ‘நம்பிக்கையின் ஷார்டு’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். எழுதியவர் ‘நம்பிக்கைத் துணுக்கு’ என்பதை அகராதி பார்த்து மாற்றியிருக்க வேண்டும். படித்ததும் கையை வெட்டிக்கொண்டது போல இருந்தது.

மேசையில் இருக்கும் ஒரு பீங்கான் கோப்பையைக் கீழே போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருந்த பிஸ்கட்டும் சேர்ந்து விழுந்துவிட்டது. காலை வெட்டக்கூடிய பெரிய பீங்கான் துண்டுகள் ஷார்டு. கைப்பிடி மட்டும் முழுசாகக் கழன்று கிடக்கிறது, அதைப் பீஸ் என்பதே சரி, ஒட்டிவிடலாம். பீங்கானின் பளபளப்பு மேல்பூச்சு செதிலாக உதிர்ந்திருந்தால் ஃப்ளேக். பிஸ்கட் கிரம்ப் ஆகிவிட்டது. விழும் வழியில் கோப்பை மேசை ஓரத்தில் பட்டதில் மரத்தில் ஒரு சிப். அந்த மரத்துணுக்கு நாரோடு நீளமாகப் பிய்ந்து வந்திருந்தால், அதற்கு ஸ்பிளின்டர் என்று பெயர். ஆனால் மேசையில் விழுந்த பள்ளத்தை அப்போதும் ஸ்பிளின்டர் என்று சொல்ல முடியாது, அதற்குச் சிப்தான்.

அலமாரி நிறுவனத்துக்கு மறுபடி எழுதினோம். இந்தமுறை ஒரு புகைப்படமும் சேர்த்து, ‘மோதல் எதுவும் இல்லாமல் பெயின்ட் ஃப்ளேக் ஆகி உரிகிறது’ என்று ஒரே வரி. ஆளை அனுப்பிப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது.